‘பின்’ என்று எழுதிய பேணி

மார்ச் 5, திங்கள்

ஒரு கொப்பி வாங்கி, காலையில் பிரஷர் எவ்வளவு, நித்திரை எப்படி என்று நாள்தோறும் எழுதிக்கொண்டு வரும்படி டொக்டர் சொல்லிவிட்டார். இந்த ஜெர்மனியில் டொச்சுக்காரருக்கு எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதாவிட்டால் எனக்குப் பிரஷரே இல்லை என்று சொல்லிவிடுவார் போல. தமிழில் எழுதினால் அந்தாள் வாசிக்கப் போவதில்லை. ஆகவே பிரஷரை மட்டும் இலக்கத்தில் போட்டுவிட்டு, மிச்சத்தை என் பாட்டுக்கு எழுதலாம் என்று இருக்கிறேன்.

இன்றைக்கு 150க்கு 95.

நான் வேலை செய்கிற பழைய படக் காப்பகத்துக்குப் புதுச் சாமான் வந்தது. பெல்ஜியம் எல்லைப்பக்கம் ஹோல்பாக் என்று ஒரு சின்னப் பட்டினம். அங்கே அந்தக் காலத்தில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர் தன் கமராவில் பிடித்த படச்சுருள்கள். பேரன் வீட்டை விற்கிறானாம், பரணில் கிடந்தவற்றைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனான். மூன்று வட்டத் தகரப் பேணிகள். மூடியில் வெள்ளைப் பெயின்ரால் ஒன்றில் ‘முன்’, ஒன்றில் ‘இடை’, ஒன்றில் ‘பின்’ என்று டொச்சில் எழுதியிருக்கிறது. எதற்கு முன், எதற்குப் பின் என்று எழுதவில்லை. இந்தப் பக்கத்தில் அதைக் கேட்கவும் தேவையில்லை, உலக யுத்தம்தான்.

பேணியைத் திறந்தால் வினாகிரிப் புளிப்பு மணம் முகத்தில் அடிக்கிறது. பழைய சுருள் பழுதாகத் தொடங்கினால் அப்படித்தான். சுருளைத் துடைப்பது, அறுந்த இடத்தை ஒட்டுவது, ஸ்கானரில் ஓடவிட்டுக் கணினியில் ஏற்றுவது என் வேலை. படத்தில் இருப்பது யார், எந்த இடம், எந்த ஆண்டு என்று மண்டையை உடைப்பது என் மேலாளர் ஹெர் ப்ராய்ல். பின்னேரம் வீட்டுக்குள் நுழையும்போதே வதனி மூக்கைப் பொத்தினாள்.

“இஞ்சேருங்கோ, அச்சாறுப் போத்திலுக்குள்ள இருந்து வாறமாதிரி வாறியள். நேர குளியலறைக்குப் போங்கோ.”

இருபது வருடமாகக் கூட இருக்கிற மனுசனை வரவேற்கிற விதம் இது.

மார்ச் 6, செவ்வாய்

148க்கு 92. மழை.

மார்ச் 8, வியாழன்

‘முன்’ முழுவதும் ஏற்றியாயிற்று. சந்தைச் சதுக்கம், நடுவில் உயரக் கோபுரத்தோடு மாதா கோவில், ஆற்றில் குளிக்கிற பொடியன்கள், தேவாலயத் திருவிழா ஊர்வலம். குடை பிடித்து, பூத் தூவி, பின்னால் பாட்டுக்காரர். எங்கட தேர்த் திருவிழாதான், வெயில் மட்டும் காணாது. மருந்துக்கடைக்காரருக்குத் தன் நாயில் சரியான பைத்தியம். எதைப் படம் பிடித்தாலும் கடைசியில் கமரா நாயிடம் போய் நிற்கிறது. சில கட்டடங்களில் அந்த நாசிக் கொடியும் தொங்குகிறது. நாய் அதற்கும் முன்னால் நின்று வாலாட்டுகிறது.

‘இடை’ குறைவு. மனிதருக்குச் சுருள் கிடைத்திருக்காது, பிடிக்கவும் பயந்திருப்பார். பதுங்குகுழிக்கு மேல் மண் மூட்டை அடுக்குகிறார்கள். அடுக்கிய விதத்தைப் பார்த்ததும், மேல் மூட்டையைக் குறுக்கே போடவேண்டும் ஐசே என்று வாய்க்குள் வந்துவிட்டது.

‘பின்’ பேணியில் ஊரே இல்லை. கோவிலும் கோபுரமும் இருந்த இடத்தில் கல்லுக் குவியல். பெண்கள் வாளியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கல் அள்ளுகிறார்கள். நாயைக் காணவில்லை.

மார்ச் 11, ஞாயிறு

அம்மாவின் போன். ஞாயிற்றுக்கிழமை என்றால் கிளிநொச்சியிலிருந்து போன், போன் என்றால் அதே கதை.

என் தம்பி கேதீஸின் கதை. நான் ஜெர்மனிக்கு வரும்போது அவனுக்குப் பதின்மூன்று. 2009இல் தங்கச்சி சாந்தினிக்குப் பீரங்கிச் செல் பட்டு, காயக்காரரோடு கப்பலில் ஏற்றியபோது அம்மாவும் கூடப் போய்விட்டா. அப்பாவும் கேதீஸும் உள்ளே, சண்டைக்குள், நின்றுவிட்டார்கள். சித்திரை அமாவாசையன்று முள்ளிவாய்க்காலில் செல் விழுந்து அப்பா செத்துப்போனார். பக்கத்து வீட்டுக் குலசிங்கத்தார்தான் பதுங்குகுழியிலேயே அவரைத் தாட்டு மண் மூடிவிட்டு, பிறகு முகாமுக்கு வந்து அம்மாவிடம் சொன்னவர். கேதீஸ் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்ததைக் கண்டதாகச் சொன்னார். யுத்தம் முடிந்த மே பதினெட்டுக்குப் பிறகு கண்டவர் ஒருவருமில்லை.

அதற்கு அடுத்த வருடம் ஒரு தொலைக்காட்சியில் சில விநாடிப் படம் போனது. சனம் வரிசையில் நிற்கிறது. நடுவில் கேதீஸ். நீலச் சேட்டு, கையில் ஒரு சட்டி. ‘யுத்தம் முடிந்து வெளியே வந்த மக்கள்’ என்று கீழே எழுத்து ஓடியது. அன்றிலிருந்து அம்மாவுக்கு அதுதான் உயிர். என் பிள்ளை சண்டை முடிஞ்ச பிறகு உயிரோட வந்தவன், ஆமியின்ரை கையில வந்தவன், எங்க வைச்சிருக்கிறியள் என்று போகாத அரசாங்கக் கந்தோர் இல்லை. அதிலிருந்து எடுத்த அவன் முகத்தைப் பிரேம் போட்டு, காணாமல்போன பிள்ளைகளின் மற்றத் தாய்மாரோடு வீதியோரப் பந்தலில் போய் இருக்கிறா.

இன்றைக்குக் கதை ஒரு படி ஏறியது.

“மோனை, வைகாசியில கொழும்பிலயிருந்து விசாரிக்க வருகினமாம். உது சண்டை முடிஞ்ச பிறகு எடுத்த படமெண்டதுக்கு என்ன அத்தாட்சி எண்டு கேக்கினம். நீ படக் கந்தோரிலதானே வேலை செய்யிறாய்? உங்கட மெசின்ல போட்டுப் பாத்து, ஓம், இது மே பதினெட்டுக்குப் பிறகு எடுத்ததுதான் எண்டு ஒரு கடிதம் வாங்கித் தா. டொச் சீல் குத்தியிருந்தா அவங்களால மறுத்துக் கதைக்கேலாது.”

“அம்மா, அது இந்த ஊர்ப் பழைய படம் பாக்கிற இடம்.”

“படம் எல்லாம் படம்தானே! உனக்கென்ன, கேட்டுப் பாக்க வாய் நோகுதோ?”

பார்க்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

மார்ச் 15, வியாழன்

ஹோல்பாக் கிழடுகளைக் கூப்பிட்டு, கேக்கும் கோப்பியும் கொடுத்து, படத்தை ஓடவிட்டு, யாரையாவது அடையாளம் தெரிகிறதா என்று கேட்கிற பின்னேரம் இன்று. ஹெர் ப்ராய்லின் வழக்கம் இது. நான் மெசினை இயக்குகிறேன், அவர் பெயர்களைக் குறிக்கிறார். கிழவர்களுக்குச் சரியான புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. அது பேக்கரி ஹான்ஸ், இது எங்கட வாத்தியார், அந்த மனிசி பொல்லாதது என்று ஒரே சத்தம்.

‘பின்’ ஓடியபோது சத்தம் அடங்கிவிட்டது. நடுவில் ஒரு காட்சி. பொடியன்கள் சிலர் சின்னத் தண்டவாளத்தில் கல் வண்டி தள்ளுகிறார்கள். ஒருவன் நின்று வேர்வை துடைத்துவிட்டுக் கமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். முன்வரிசையில் இருந்த ஃப்ராவ் லெண்டர்ஸ் எழும்பிவிட்டா. தொண்ணூறை எட்டிப் பிடிக்கிற வயது, கைத்தடி கீழே விழுந்தது.

“நிப்பாட்டு! அது மத்தியாஸ். என்ரை அண்ணன்.”

டொச்சில் சொன்னதைத்தான் எங்கட தமிழில் எழுதுகிறேன். அவவுக்கா தெரியப் போகிறது?

44ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பதினேழு வயதில், விமான எதிர்ப்புப் பீரங்கிக்கு உதவிக்கென்று பிடித்துக்கொண்டு போனவனாம். பிறகு ஒரு தகவலும் இல்லை. நான் மெசினை நிறுத்திப் படத்தை அப்படியே விட்டேன். சந்தோசப்படப் போகிறா என்று நினைத்தேன். மனிசிக்கு முகமெல்லாம் சிவந்து கோபம் வந்துவிட்டது.

“சண்டை முடிஞ்ச பிறகு இவன் இஞ்ச, இந்தச் சந்தையில நிண்டிருக்கிறான். நானும் அம்மாவும் இதுக்கு மூண்டு தெரு தள்ளித்தான் இருந்தனாங்கள். ஏன் வீட்டை வரேல்லை?”

கேக்கைத் தொடாமல் போய்விட்டா.

மார்ச் 16, வெள்ளி

ஃப்ராவ் லெண்டர்ஸ் இன்றைக்கும் வந்தா. அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னா. “அம்மா சாகுமட்டும் அவனுக்கு ஒரு கோப்பை வைச்சுத்தான் சாப்பிட்டவ. இவன் இஞ்ச நிண்டு இளிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறான்,” என்று திரையைப் பார்த்துத் திட்டினா. எனக்குப் பாவமாக இருந்தது. அங்கே என் அம்மா பிள்ளை வந்தான் வந்தான் என்கிறா, இங்கே இவ வந்தவன் ஏன் வீட்டை வரேல்லை என்று திட்டுகிறா.

பிறகு தைரியத்தை வரவழைத்து, போனில் இருந்த எங்கள் கேதீஸின் படத்தை ஹெர் ப்ராய்லுக்குக் காட்டி, அம்மா கேட்டதைச் சொன்னேன். நல்ல மனுசன், கண்ணாடியைக் கழற்றிப் போட்டுவிட்டு நெடுநேரம் பார்த்தார். சீல் குத்தத் தனக்கு உரிமை இல்லை என்றார். “ஆனா ஒண்டு. இது முழுப் படமில்லை. முகங்களைக் கிட்டக் காட்டுறதுக்காக ஆரோ பெருப்பிச்சு, ஓரங்களை வெட்டியிருக்கிறாங்கள். வெட்டாத படத்தைத் தேடிப் பிடியும். ஓரத்திலதான் எப்ப எடுத்ததெண்டு தெரியும்.”

மார்ச் 18, ஞாயிறு

அம்மா: “கேட்டியோ?”

நான்: “பாத்துக்கொண்டிருக்கினம் அம்மா.”

“பாக்கட்டும், பாக்கட்டும். வடிவாப் பாக்கட்டும்.” அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்கப் பொறுக்காமல், சோறு அடுப்பில் என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 22, வியாழன்

ஹெர் ப்ராய்ல் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மத்தியாஸின் காட்சி பெரிய திரையில் நின்றது. “தரையைப் பாரும்,” என்றார். தரையில், பொடியன்களின் காலடியில், நீளமாக ஒரு நிழல். கூர்ந்த முனை. மாதா கோவில் கோபுரத்தின் நிழல்.

44இல் குண்டு விழுந்து கோபுரம் போய்விட்டது. இல்லாத கோபுரத்துக்கு நிழல் ஏது? அதற்கு முந்தின வருடமும் ஒரு சின்னக் குண்டு விழுந்து சில கடைகள் இடிந்திருக்கின்றன. பள்ளிக்கூடப் பொடியன்களை விட்டுக் கல் அள்ளியிருக்கிறார்கள். காட்சி அப்போது எடுத்தது. பிறகு சுருள்களை வெட்டி ஒட்டி அடுக்கியபோது, கல்லுக் குவியல் என்றால் எல்லாம் ‘பின்’ என்று மருந்துக்கடைக்காரர் நினைத்துவிட்டார்.

“அப்ப அந்தப் பொடியன் திரும்பி வரேல்லை,” என்றேன்.

“இல்லை.” ஈஸ்டர் முடிந்து அவவுக்குச் சொல்லுவோம் என்றார். நானும் கூட நிற்க வேண்டுமாம். ஏன் நான்? மெசின்காரனுக்கு அங்கே என்ன வேலை?

மார்ச் 24, சனி

வெட்டாத படம் கிடைத்தது. மத்தியானம் சாப்பிடவில்லை. வதனி கேட்டாள், வயிறு சரியில்லை என்றேன்.

மார்ச் 25, ஞாயிறு

அம்மாவின் போன் வந்தது. எடுக்கவில்லை.

மார்ச் 27, செவ்வாய்

162க்கு 104. டொக்டர் வாசித்தால் மருந்தைக் கூட்டுவார். கூட்டட்டும்.

எழுதித்தான் ஆக வேண்டும் போல இருக்கிறது. நெதர்லாந்தில் இருக்கிற யாரோ ஒரு பொடியன், அந்த மாதங்களின் படங்களை எல்லாம் சேர்த்து இணையத்தில் போட்டு வைத்திருக்கிறான். அதிலே வெட்டாமல், அகலமாக, அதே வரிசை. அது முகாமும் இல்லை, வெளியே வந்த சனமும் இல்லை. உள்ளே, கஞ்சிக்கு நிற்கிற வரிசை. பின்னால் கடல். கேதீஸ் சட்டியோடு நிற்கிறான். அவனுக்கு இடப்பக்கம், தொலைக்காட்சிக்காரன் வெட்டி எறிந்த ஓரத்தில், தலையில் துவாய் கட்டி, பச்சைத் தண்ணிக் கானைத் தூக்கிக்கொண்டு அப்பா.

அப்பா நடக்கிறார். கேதீஸுக்குக் கிட்ட வந்து என்னவோ சொல்கிறார். கேதீஸ் தலையாட்டுகிறான். கானைக் கைமாற்றி இடுப்பைப் பிடித்து நிமிர்கிறார். அவர் எப்போதும் அப்படித்தான் நிமிர்வார். நான் வெளிநாடு வந்தபிறகு அவர் அசைவதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அப்பா சித்திரை அமாவாசையில் செத்துவிட்டார். அப்பா நிற்கிற படம் என்றால் அதற்கு முன் எடுத்த படம். ஆகவே கேதீஸும் முன். எங்கள் கேதீஸைப் ‘பின்’ என்ற பேணிக்குள் போட்டு வைத்திருந்திருக்கிறார்கள்.

வதனிக்குக் காட்டினேன். பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

“மாமிக்குக் காட்டப் போறியளோ?”

“தெரியேல்லை.”

“மனிசி செத்துப்போயிடும், சொல்லிப்போட்டன்.”

ஏப்ரல் 4, புதன்

ஃப்ராவ் லெண்டர்ஸ் வந்தா. ஹெர் ப்ராய்ல் சுற்றி வளைக்கவில்லை. நிழலைக் காட்டினார், ஆண்டைச் சொன்னார். நான் கோப்பிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு கதவடியில் நின்றேன். தண்ணி தேவைப்படும் என்று ஒரு கிளாசும் எடுத்து வைத்திருந்தேன்.

மனிசி கைத்தடியை ஊன்றித் திரைக்குக் கிட்டப் போய் அந்த நிழலைப் பார்த்தா. பிறகு திரையில் இருந்த பொடியனின் கன்னத்தை விரலால் தொட்டா. கண்ணாடித் திரையைத் தொடக்கூடாது என்பது இங்கே சட்டம். ஹெர் ப்ராய்ல் அவவுக்கு ஒரு கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார்.

“அப்ப இவன் வராமல் விட்டவன் இல்லை,” என்றா. “வர ஏலாமல் போனவன்.” பிறகு அழுதா. பிறகு கேக் இருக்கிறதா என்று கேட்டா. இரண்டு துண்டு சாப்பிட்டா. வெளிக்கிடும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்னா. மூன்று கிழமை அண்ணனோடு கோபமாக இருந்தது தன் நெஞ்சில் கல் மாதிரி இருந்ததாம், இப்போது லேசாகிவிட்டதாம்.

உண்மை ஒரு மனுசருக்கு நல்லதுதானே செய்தது. அதைக் கண்ணால் கண்டேன்.

ஏப்ரல் 8, ஞாயிறு

அம்மாவுக்குக் கோபம். போன் எடுக்காத மகன், கடிதம் வாங்கித் தராத மகன். வாங்கிக் கட்டினேன். பிறகு குரல் மாறியது.

“வாற ஞாயிறு அப்பான்ரை திவசம். ஐயருக்குச் சொல்லியாச்சு. வாழைக்காயும் பயத்தங்காயும் வாங்கோணும். அந்தாளின்ரை வடிவான படம் ஒண்டுகூட இல்லை மோனை. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிச்சு வைச்சிருக்கிறன். ஆரோ கள்ளனைப் பாத்தமாதிரி முழிசிக்கொண்டு நிக்கிறார்.”

என் போனுக்குள் அப்பா பச்சைக் கானோடு நடந்துகொண்டிருந்தார்.

ஏப்ரல் 11, புதன்

வதனியோடு சண்டை. அவள் சொல்வது: சொல்லாதேங்கோ, உந்தப் படத்தில தொங்கிக்கொண்டுதான் மாமி உயிரோட இருக்கிறா. நான் சொல்வது: விசாரணையில் அந்தக் கொழும்புக்காரன் இதே வெட்டாத படத்தை எடுத்து மேசையில் போட்டால்? எல்லாருக்கும் முன்னால் அம்மாவைப் பொய்காரி ஆக்கினால்? வீட்டுக்குள் வைத்து, பிள்ளை சொல்வது மேல் அல்லவா?

“அப்ப வாயைத் திறந்து சொல்லுங்கோ. படத்தை அனுப்பிப்போட்டு ஒளியாதேங்கோ.”

இவளுக்கு என்னைத் தெரியும்.

ஏப்ரல் 15, ஞாயிறு

அங்கே மத்தியானம், இங்கே காலை. சாந்தினி வீடியோக் கோலில் காட்டினாள். அப்பாவின் படத்துக்கு மாலை, முன்னால் குத்துவிளக்கு, தலைவாழை இலையில் படையல். அம்மா வெள்ளைச் சீலையோடு, நெற்றியில் திருநீறு மட்டும் பூசிக்கொண்டு நின்றா. காகத்துக்கு வைத்ததும் உடனே வந்து எடுத்ததாம், அப்பாவுக்குப் பசி என்று சிரித்தா.

சொல்லத்தான் நினைத்தேன். “அம்மா, அந்தப் படம்...” என்று தொடங்கினேன். “கடிதம் கிடைச்சிட்டுதோ?” என்று முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தா. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. “வெட்டாத படம் கிடைச்சிருக்கு. அனுப்புறன், ஆறுதலாப் பாருங்கோ. அதில அப்பாவும் நிக்கிறார்,” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பார்த்தால் தானாக விளங்கும். அப்பாவைக் கண்டால் எப்போது எடுத்தது என்று நான் ஏன் சொல்ல வேண்டும்?

கொஞ்ச நேரத்தில் சாந்தினி எடுத்தாள். ரகசியக் குரல்.

“என்ன அண்ணா செய்தனியள்? எனக்கு விளங்கிட்டுது. சின்னண்ணான்ரை படம் முந்தி எடுத்தது, என்ன?”

“ஓம். அம்மா?”

“திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கிறா. ஒண்டும் கதைக்கிறா இல்லை. சாப்பிடவும் இல்லை.”

விளங்கியிருக்கும். அழட்டும். ஃப்ராவ் லெண்டர்ஸும் அழுதுவிட்டுத்தானே சாப்பிட்டா.

ஏப்ரல் 18, புதன்

அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. எடுத்தால் ‘அம்மா கோயிலுக்குப் போட்டா’ என்கிறாள் சாந்தினி. வேலையில் ஒரு சுருளைப் பிழையாக மாட்டி அறுத்துவிட்டேன். ஹெர் ப்ராய்ல் அவரே எடுத்து ஒட்டினார்.

ஏப்ரல் 22, ஞாயிறு

அம்மாவே எடுத்தா, வீடியோவில். போனைப் பார்த்ததும் முதலில் யாரோ என்று நினைத்துவிட்டேன். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. ஒன்பது வருடத்துக்குப் பிறகு. பச்சைச் சீலை கட்டி, தலையில் பூவும் வைத்திருந்தா. பின்னால் சுவரில் அப்பாவின் படம் தொங்கியது. மாலையைக் காணவில்லை, விளக்கையும் காணவில்லை.

“மோனை, நீ நல்லாயிருப்பாய் ராசா. நீ படிச்ச படிப்பும் செய்யிற வேலையும் வீண் போகேல்லை.”

“அம்மா...”

“பொறு, நான் சொல்லுறன். உயிரோட இருக்கிற மனுசனுக்கு நான் இவ்வளவு வருசமும் திவசம் குடுத்திருக்கிறன். பாவி நான். அம்மனுக்கு நேத்தி வைச்சுப்போட்டு வந்து பொட்டு வைச்சனான். குலசிங்கத்தார் அந்தப் புகைக்குள்ள ஆரையோ மாறித் தாட்டுப்போட்டு வந்து சொல்லியிருக்கிறார். அந்தாளுக்கு முந்தியே கண் வடிவாத் தெரியாது. அப்பா எங்க செத்தவர்? சண்டை முடிஞ்ச பிறகு சின்னவனோட சேந்தெல்லே வெளியில வந்திருக்கிறார்! நீதானே படத்தைக் கண்டுபிடிச்சனி!”

அம்மாவுக்குப் பின்னால் சாந்தினி நின்றாள். வாயில் சீலைத் தலைப்பு. என்னைப் பார்த்து, சொல்லாதே என்று தலையை ஆட்டினாளா, சொல்லு என்று ஆட்டினாளா, எனக்கு விளங்கவில்லை. வதனி குசினிக் கதவடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

“கேக்குதோ மோனை? லைன் கட்டாப் போச்சோ?”

“கேக்குது அம்மா.”

“அப்பாவுக்கு இப்ப எழுபத்தெட்டு. சுகர்க்காரன், அடைச்சு வைச்சிருக்கிற இடத்தில மருந்து குடுக்கிறாங்களோ தெரியாது. கெதியாச் செய். விசாரணைக்கு முதல் அந்தக் கடிதம் வரோணும். டொச் சீல் வடிவாக் குத்தச் சொல்லு. கடிதத்தில இப்ப ரெண்டு பேரின்ரை பேரையும் போடச் சொல்லு, என்ன?”

ஓம் அம்மா என்றேன்.